விலைபோகாத கழிவுதான் வைகைக்கு வருகிறது

2024 அக்டோபரில் மதுரையில் பெருமழை பெய்து ஓய்ந்ததும் செல்லூர்ப் பக்கத்துக் கால்வாயில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வந்தது. அவனியாபுரத்தை அடுத்த அயன்பாப்பாக்குடி கண்மாயிலும் இது புதிதல்ல. அங்கே காற்றடித்தால் நுரை சாலைக்கே பறந்து வரும், இருசக்கர வண்டியில் போகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு முறையும் செய்தி வரும், அதிகாரிகள் பார்வையிடுவார்கள், தண்ணீரைப் பீய்ச்சி நுரையை அமுக்குவார்கள். அடுத்த மழையில் திரும்ப வரும்.

நுரை எப்படி வருகிறது என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. துணி சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு எல்லாவற்றிலும் அழுக்கை எண்ணெயோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வரும் ஒரு பொருள் உண்டு. சலவைத்தூளில் அது பெரும்பாலும் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் வகை. கோடைக்காலம் முழுக்கக் கண்மாயிலும் கால்வாயிலும் தேங்கிக் கிடக்கும் சாக்கடையில் இது சேர்ந்துகொண்டே இருக்கும். மழை வந்து கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, உபரிநீர் வழியும் கலுங்கிலிருந்து விழுகிற வேகத்தில் காற்றோடு கலந்து நுரைக்கிறது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பொருள் மக்கக்கூடியது. காற்றோட்டமுள்ள தொட்டியில் நுண்ணுயிரிகளிடம் ஒழுங்காக ஒப்படைத்தால் அதில் பெரும்பங்கு சிதைந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில்தான் சிதையாமல் கிடக்கும். அதனால் ஒரு கால்வாயில் நுரை பொங்கினால், சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடை அங்கே போகிறது என்று அர்த்தம். 2017-இல் நொய்யலில் நுரை வந்தபோது அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி. கருப்பணன், மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வந்தது என்று சொல்லி ஊரே சிரித்தது. சோப்பு நுரைக்கும் என்பது உண்மைதான். குளித்த தண்ணீர் எந்த வழியாக ஆற்றுக்கு வந்தது என்ற கேள்வியை அந்தப் பதில் தாண்டிப் போய்விட்டது.

சரி, எல்லாச் சாக்கடையையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். மதுரை மாநகராட்சிக்கு அவனியாபுரம் வெள்ளக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 2011-இல் 72 வார்டு 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை மெல்ல மெல்லத்தான் போய்ச் சேருகிறது. அது போய்ச் சேரவேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த நிலையங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையம் ஒரு வயிறு மாதிரி. மலம், சிறுநீர், சோற்று நீர், எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு என உயிரினம் தின்னக்கூடியதை உள்ளே இருக்கும் பாக்டீரியா தின்று தீர்க்கும். தின்ன முடியாததை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பு அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வரும். சாயத்தின் நிறம் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும். நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் தண்ணீரிலிருந்து இறங்கிச் சேற்றில் படியும். பிறகு அந்தச் சேற்றை உரமாக வயலில் போட்டால் மண்ணுக்குப் போகும். இன்னும் மோசம், ஒரு பட்டறை மொத்தமாக அமிலத்தையோ குரோமியத்தையோ ஒரே நாளில் கொட்டினால் அந்த பாக்டீரியாவே செத்து, வழக்கமான சாக்கடையைச் சுத்திகரிக்கும் வேலையும் சில நாளைக்குக் கெட்டுப்போகும்.

ஆகவே இந்த வகைப் பொருள்களைத் தடுக்க இடம் ஒன்றே ஒன்றுதான்: அவை வாளியில் இருக்கும்போது. குழாய்க்குள் இறங்கிவிட்டால் பிறகு பணம்தான் செலவாகும்.

மதுரையில் இது ஏன் மற்ற ஊர்களைவிட அவசரம் என்றால், ஆற்றில் தண்ணீர் இல்லை. வைகை 258 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு என்று பாடப்புத்தகத்தில் படிக்கலாம். நகருக்குள் ஆண்டின் பல மாதங்கள் அதில் ஓடுவது கால்வாய்கள் கொண்டுவந்து சேர்ப்பதுதான். அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு. பெரிய ஆற்றில் ஒரு வாளி அமிலம் கலந்தால் கரைந்து மெலிந்துவிடும். இங்கே கரைக்க எதுவுமில்லை. இப்படி நகருக்குள் சேருவது கீழே விரகனூர் மதகணைக்குப் போகிறது. அதற்கு அப்பால் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்கள் இருக்கின்றன.

தெற்கே கிருதுமால் நதி. புராணத்தில் சத்தியவிரதன் தர்ப்பணம் செய்யக் கையில் அள்ளிய நீரில் மச்சாவதார மீன் வந்தது கிருதமாலையில் என்று சொல்வார்கள். நாகமலைப் பக்கமிருந்து வந்து நகரின் தென்பகுதியைக் கடந்து குண்டாற்றை நோக்கிப் போகும் அந்த நதியை இன்று பலர் சாக்கடை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்கே பந்தல்குடி கால்வாய். 2025 மே மாதக் கடைசியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மதுரை வந்தபோது அந்தக் கால்வாய் கண்ணில் படாமலிருக்கத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி பரவியதும் முதல்வரே நேரில் போய்ப் பார்த்தார். துணி கட்டிய யோசனை யாருடையதோ, அந்த ஆளுக்கு நம் ஊர்ப் பழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதி வட்டாரத்துக்குச் சரக்குச் செய்து தரும் நகைப் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். ஆசாரிமார் பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூட வீசமாட்டார்கள். அதை வாங்க ஆள் உண்டு, ஏனென்றால் அதில் பொடிப்பொடியாகத் தங்கம் இருக்கும். அதே பட்டறையில் தங்கத்திலிருந்து செம்பையும் வெள்ளியையும் பிரிக்க நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளியை மீட்டுக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் பச்சை நிறச் செம்புத் தண்ணீரை யாரும் கேட்பதில்லை. அது எங்கே போகும்?

பழைய போட்டோ ஸ்டூடியோக்களிலும் எக்ஸ்ரே நிலையங்களிலும் இதே கதைதான். படம் கழுவிய ஹைப்போ கரைசலில் வெள்ளி இருந்ததால் அதை வாங்கிப் போக வியாபாரி வருவார். டெவலப்பரை வாங்க யாரும் வந்ததில்லை. காருக்கும் இன்வெர்ட்டருக்கும் போடும் ஈய பேட்டரி தெருவில் கிடந்து யாரும் பார்த்திருக்க முடியாது, பழையதைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி. டார்ச் லைட் பேட்டரி, கடிகார பேட்டரி எல்லாக் குப்பைமேட்டிலும் கிடக்கும். மெக்கானிக் கடையில் வடித்த எஞ்சின் ஆயில் டின்னில் சேர்ந்து விலைக்குப் போகும். அதே கடையில் பாகங்களைக் கழுவிய டீசலும் கிரீசும் கலந்த கறுப்புத் தண்ணீரும், வாட்டர் வாஷ் செய்த சேறும் வாசல் சாக்கடைக்குப் போகும். ஒரே கடை, ஒரே ஆள், ஒரே நாள். ஒன்றுக்கு விலை இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

இதைப் பார்த்தபிறகு 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. தூசியைக் கூட்டிச் சேர்த்து வைக்கிற ஆசாரிக்கு என்ன விழிப்புணர்வு குறைச்சல்? கழிவை வாங்க ஒரு ஆள் வாசலுக்கு வந்தால் சேர்த்து வைப்பார், வராவிட்டால் கொட்டுவார். எஞ்சின் ஆயிலிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. விலைக்குப் போவது மட்டும் போதாது, யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது சூளையில் எரிந்து புகையாகும்.

விலை இல்லாத கழிவில் மதுரைக்கு மிகவும் நெருக்கமானது சாயத் தண்ணீர். சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைக்கும் அந்தக் கலையை சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். செல்லூர்ப் பக்கம் நெசவு பழைய தொழில். ஒரு காலத்தில் வேரும் பூவும் கொண்டு போட்ட சாயம் இன்று பெரும்பாலும் இரசாயனம். அதில் ஆபத்தானவற்றை அரசு முன்பே விலக்கியிருக்கிறது: 1993-இலும் 1997-இலும் சேர்த்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடக்கூடிய 112 சாயங்களுக்கு இந்தியாவில் தடை வந்தது. லேபிள் இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் சாயப்பொடி வாங்குகிறவருக்குத் தான் வாங்கியது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிய வழியில்லை. பில்லும் பெயரும் உள்ள சாயத்தை வாங்குவது முதல் படி. கொஞ்சம் விலை கூடும்.

ஆனால் அளவில் பெரிய பிரச்சினை சாயத்தைவிட உப்பு. பருத்தியில் இப்போது அதிகம் புழங்கும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். நிறத்தின் ஆழத்தைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 80 கிராம்வரை போடுவார்கள். நடுவாக 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் சாயத் தண்ணீர் என்றால் அரைக் கிலோ உப்பு. சாயமாவது முக்கால் பங்கு துணியில் ஒட்டும். உப்பு ஒரு கிராம்கூட ஒட்டாது, முழுதும் வெளியேதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்புகளுக்கு விரும்பத்தக்க எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். அந்த அரைக் கிலோவை அந்த அளவுக்கு மெலியவைக்க ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் உப்பே இல்லாத தண்ணீர். வைகையில் அப்படி ஒன்று ஓடவில்லை.

திருப்பூரில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரியும். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு அந்த ஊர் மாறியது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கும் கொதிகலன், உப்பைப் பிரித்தெடுப்பது என்று கோடிகள் செலவு. மதுரையில் வீட்டின் பின்கட்டில் நான்கு தொட்டி வைத்துச் சாயம் போடுகிற குடும்பத்தைப் பார்த்து அதே மாதிரி நீயும் போடு என்பது கேலி. அதே சமயம் குடிசைத் தொழில் என்பதற்காக உப்பு கருணை காட்டி ஆவியாகிவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேடவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்து பட்டறைகளை ஓரிடத்தில் கூட்டுவது ஒரு வழி. நிலம், வாடகை, வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போய்வரும் தூரம் எல்லாம் அதில் வரும். சொல்வது சுலபம்.

அதற்கு முன்பே பட்டறைக்குள் செய்யக்கூடியவை உண்டு. குறைந்த உப்பில் ஏறும், கூடுதலாக ஒட்டும் சாய வகைகள் சந்தையில் இருக்கின்றன. வெளிர் நிறத்தை முதலில் போட்டு அடர் நிறத்துக்கு அதே தொட்டியைத் தொடர்வது, கடைசி அலசலின் தண்ணீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்கு எடுப்பது, கைக்கணக்கில் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுவது. தராசு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 'கைப் பக்குவம்' என்று பெருமையாகச் சொல்கிற இடத்தில்தான் சாயத்தோடு சேர்க்கும் ஹைட்ரோஸ், காஸ்டிக் இரசாயனங்கள் தேவைக்கு மேல் போகின்றன.

முலாம் பூசும் பட்டறைக்கும் இதே கணக்கு. நிக்கல், குரோம் தொட்டியிலிருந்து பொருளை எடுத்ததும் சொட்டச் சொட்ட அலசல் தொட்டிக்குக் கொண்டுபோவதால்தான் உலோகம் கழிவுநீருக்குப் போகிறது. எடுத்த பொருளைத் தொட்டிக்கு மேலேயே அரை நிமிடம் பிடித்துச் சொட்டவிட்டால் இழப்பு கணிசமாகக் குறையும். விலை உயர்ந்த நிக்கல் உப்பு மிச்சம். இப்படி லாபத்தோடு சேர்த்துச் சொன்னால் கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. சாயம் போடுவதும் முலாம் பூசுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில், அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில்களின் பட்டியலில் உள்ளவை. வண்டி பழுதுபார்க்கும் இடங்கள் அதற்கு அடுத்த ஆரஞ்சுப் பட்டியலில். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறை வாரியத்தின் கண்ணில் படும். சந்துக்குள் பெயர்ப்பலகை இல்லாமல் நடப்பது படாது.

வீட்டுக்கு வருவோம். மதுரையின் விரிவாக்கப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் நுரை வராது. நுரை வரவில்லை என்று இன்னொரு கரண்டி சலவைத்தூள் போடுவோம். அழுக்குப் போவதற்கும் நுரைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நுரையைப் பார்த்தால்தான் நமக்கு மனம் நிறையும், கம்பெனிக்காரர்களுக்கும் அது தெரியும். துணியை மாநகராட்சித் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ துவைத்தால் பாதித் தூள் போதும். சில தூள்களில் தண்ணீரை மென்மையாக்கப் பாஸ்பேட் சேர்ப்பார்கள். சாக்கடையின் பாஸ்பேட்டில் பெரும்பங்கு நம் உடம்பிலிருந்தே போகிறது என்றாலும் தூள் தரும் பங்கும் சேர்ந்துதான் கண்மாயில் ஆகாயத்தாமரை அப்படி மண்டுகிறது.

கழிவறைக்கு வரும் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், கறுப்பு பினாயில் மூன்றிலும் நான் கடைசியைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். அதில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால் வகைகள். குடிநீரில் பீனாலுக்கு விரும்பத்தக்க எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். ஒரு கிராம் பீனால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். குளோரின் போட்ட தண்ணீரில் பீனால் கலந்தால் மருந்து வாடையும் கசப்பும் வரும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும். 2013-இல் உச்சநீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தபிறகும் ட்ரைசைக்கிளில் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்பது நின்றுவிடவில்லை.

பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. செப்டிக் டேங்க் வேலை செய்வதே உள்ளே இருக்கும் நுண்ணுயிரியால். எப்போதாவது ஒரு மூடி ஊற்றினால் அது தாங்கிக்கொள்ளும். தினமும் ப்ளீச்சிங் தண்ணீர் போனால் மலம் சிதையாமல் டேங்க் சீக்கிரம் நிறையும், லாரிக்குப் பணம் கொடுக்கவேண்டும். அப்புறம் மழைநீர் சேகரிப்புக் குழி. கார் கழுவுகிற தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் அதற்குள் திருப்பிவிட்டிருக்கும் வீடுகள் நிறைய. மண் வடிகட்டும் என்று நம்பிக்கை. எண்ணெயையும் உப்பையும் நேராக நிலத்தடிக்கு அனுப்ப அதைவிட நல்ல குழாய் வேறில்லை.

இயற்கைப் பொருள்களுக்கு மாறச் சொல்லும் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பொங்கவைத்துக் காட்டுவார்கள். பொங்கி முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன். பூந்திக்காய் நல்ல மாற்று, துணிக்கும் பாத்திரத்துக்கும் உதவும். ஆனால் அதே பூந்திக்காயை அரைத்துக் குட்டையில் போட்டு மீன் பிடித்த வழக்கமும் உண்டு, மீன் மயங்கி மேலே வரும். இயற்கையானது என்பதால் கண்மாய்க் கரையில் வைத்துத் துவைக்கலாம் என்று அர்த்தமில்லை. எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்த கரைசல் தரை துடைக்கப் போதும். அதை ஆற்றில் ஊற்றினால் ஆறு சுத்தமாகும் என்பதுதான் அபத்தம், ஏற்கனவே மூச்சுமுட்டும் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் தீனி.

உள்ளாட்சிகளும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொசுப் புழுவை ஒழிக்க மரத்தூளைப் பழைய எஞ்சின் ஆயிலில் ஊறவைத்து உருண்டை கட்டிச் சாக்கடையில் போடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். மெக்கானிக்கிடம் ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதே என்று சொல்லிவிட்டு அதே ஆயிலை உருண்டையாக்கி நாமே போடுகிறோம். புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரிய மருந்தும் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனும் இருக்கின்றன.

வாங்குகிற ஆள் இல்லாத வீட்டுக் கழிவுக்கு ஒரு வழி ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. 2016-இன் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு தனி வகையை வைத்தன: பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி. இவற்றை மக்கள் கொண்டுவந்து கொடுக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்கச் சொன்னார்கள். மதுரை மாநகராட்சியின் பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்கில் எட்டு மையம் வந்திருக்கவேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மையம் எது என்று உங்களுக்குச் சொல்லத் தெரிகிறதா?

மையம் வைத்தாலும் மக்கள் ஆட்டோ பிடித்து அரை டப்பா பெயின்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் தெருவுக்கு ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது, அங்கே போக யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அங்கே நடப்பது தலைகீழ். காலி டப்பாவுக்கு விலை உண்டு, உள்ளே பெயின்ட் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அதனால் பெயின்டர் டப்பாவை விற்பதற்காகவே மிச்சத்தைத் தின்னர் ஊற்றிக் கழுவிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் கொண்டுபோகிறார். நவராத்திரிக்கு முன்பு விளாச்சேரியில் பொம்மைக்கு வண்ணம் பூசும் நாட்களிலும் மிஞ்சும் டப்பாக்களுக்கு இதே விலைதான் கிடைக்கும். மூடியோடு, உள்ளே இருப்பதோடு வாங்கு, எடைக்கு இவ்வளவு கூட்டித் தருகிறேன் என்று இரும்புக் கடைக்காரருக்கு மாநகராட்சி சொன்னால் போதும். அவரிடமிருந்து வாரம் ஒருமுறை ஒரு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கூடுதல் காசு ஒரு டப்பாவுக்குச் சில ரூபாய்தான் வரும், பெயின்ட் கம்பெனிகளிடமே அதை வசூலிக்கலாம்.